தேய்ந்த பேரிங் செல், மாற்றாமல் விட்ட ஆயில் கூலர்: ராயபுரத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் இன்ஜின் பழுது

பின்னணி

வண்டி 2011 மாடல். ஜெர்மன் தயாரிப்பு, இரண்டு கதவு, 8 சிலிண்டர், 4 லிட்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின். 8,000 ஆர்பிஎம் தாண்டிச் சுற்றக்கூடியது. உரிமையாளர் ராயபுரத்தில் கடல் உணவு ஏற்றுமதித் தொழில் செய்பவர். 2023 ஜூனில் மூன்றாவது கையாக 28 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். அப்போது ஓடியிருந்தது 61,400 கி.மீ. நிறுவனம், ஷோரூம், பட்டறை, உரிமையாளர் ஆகியோரின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

இந்த மாதிரி வண்டிகளை வாங்குவோர் முதலில் சறுக்கும் இடம் விலைதான். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வண்டியின் விலை கால்வாசிக்கு இறங்கிவிடும். பாகங்களின் விலை ஒரு ரூபாய்கூட இறங்காது. 28 லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கும் கோடி ரூபாய் வண்டியின் பராமரிப்புச் செலவுதான்.

ஓட்டிய முறையையும் சொல்லியாக வேண்டும். வார நாட்களில் வீட்டிலிருந்து காசிமேடு வரை இரண்டு மூன்று கி.மீ. மட்டும். ஞாயிறு விடியற்காலையில் துறைமுக டிரெய்லர் லாரிகளின் வரிசை குறைந்திருக்கும் நேரம் பார்த்து எண்ணூர் விரைவுச் சாலை. சில வாரம் ஜிஎன்டி சாலையில் தடா வரை போய்த் திரும்புவது. ராயபுரத்தில் கிளம்பினால் சில நிமிடத்தில் விரைவுச் சாலை வந்துவிடும். அதாவது இன்ஜின் ஆயில் சூடேறுவதற்கு முன்பே ஆக்ஸிலரேட்டரை அழுத்த ஆசை வரும் தூரம்.

வாங்கிய பிறகு ஆயில் மாற்றவில்லை. டாஷ்போர்டு கணினி அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 9,000 கி.மீ. இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது, அவர் அதை நம்பினார். முந்தைய உரிமையாளரிடம் கடைசியாக ஆயில் மாற்றியதற்கு பில் இல்லை.

முதல் அறிகுறி

2024 பிப்ரவரி, 66,100 கி.மீ. காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டுச் சத்தம். வழக்கமாக இரண்டு மூன்று நொடியில் அடங்கிவிடும் செயின் டென்ஷனர் சத்தம் என்றே உரிமையாளரின் டிரைவர் நினைத்திருக்கிறார். ஒரு வாரத்தில் அது அடங்காமல் நின்றது. இன்ஜின் சூடான பிறகும் 2,500 ஆர்பிஎம் அளவில் லேசாக ரேஸ் பண்ணினால் ஆழமாக ‘டொக் டொக்’ என்று கேட்டது.

ஷோரூம் சர்வீஸில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, இன்ஜினையே மாற்ற வேண்டும் என்று 24 லட்சத்துக்கு எஸ்டிமேட் எழுதிக்கொடுத்தார்கள். இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சேம்பரைத் திறந்து பார்க்கவில்லை. அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: 13 வருட வண்டியைத் திறந்து பாதி வேலை செய்து கொடுத்து, நாளைக்கு இன்ஜின் ஜாம் ஆனால் பழி அவர்கள் மீதுதான் விழும். ஆனாலும் திறக்காமலே எழுதிய எஸ்டிமேட் பழுது என்ன என்பதைச் சொல்வதில்லை, உரிமையாளர் அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்க நேரும் என்பதை மட்டுமே சொல்கிறது.

தெரிந்த குறைதானே, கம்பெனி ஏற்காதா?

உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி இது. இந்த இன்ஜின் குடும்பத்தில் கனெக்டிங் ராடு (பிஸ்டனைச் சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) பேரிங் சீக்கிரம் தேய்வது உலகமெங்கும் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த விஷயம்.

தீ, திடீர் உடைவு போன்றவற்றில் நிறுவனங்கள் வேகமாக அசையும். 2010இல் ஃபெராரி 458 இட்டாலியா வண்டிகள் சில தீப்பிடித்தன. பின் சக்கர வளைவில் வெப்பத் தடுப்புத் தகட்டை ஒட்டிய பசைதான் காரணம் என்று தெரிந்ததும் அதுவரை தயாரான 1,248 வண்டிகளும் திரும்ப அழைக்கப்பட்டன. பசை போய் உலோகப் பிணைப்பு வந்தது. 2014இல் போர்ஷே 911 ஜிடி3 வண்டிகளில் கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்தபோது 785 வண்டிகளுக்குப் புது இன்ஜினே போட்டுக்கொடுத்தார்கள். மெதுவாகத் தேயும் குறைக்கு இந்த வேகம் கிடையாது. அதே போர்ஷேயின் பழைய பாக்ஸ்டர், 911 வண்டிகளில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் உடைந்து இன்ஜின் போன விவகாரம் அமெரிக்காவில் கூட்டு வழக்காகி, 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்கு 2013இல்தான் சமரசம் ஆனது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் ரீகாலுக்கு, அதாவது வண்டிகளைத் திரும்ப அழைக்க, உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அவை ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். 2011 மாடலுக்கு அந்தக் கதவும் மூடியாகிவிட்டது. தேய்மானம் பராமரிப்பில் சேரும் என்று ஷோரூம் ஒரே வரியில் பதில் அனுப்பியது.

பிரிக்காமல் செய்த சோதனைகள்

2024 மார்ச்சில் வண்டி மாதவரத்தில் உள்ள ஒரு தனியார் பட்டறைக்கு வந்தது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள், ஓட்டி வரவில்லை. தட்டுச் சத்தம் கேட்ட பிறகு ஓட்டும் ஒவ்வொரு கி.மீ.யும் கிராங்கைத் தின்னும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தெருவில் தண்ணீர் நின்றதால் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்ற பயம் உரிமையாளருக்கு இருந்தது. ஆகவே முதல் வேலை ஆயில் மாதிரி எடுப்பது. சூடான இன்ஜினில் ஆயிலை வடிக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் 100 மி.லி. பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தண்ணீரோ கூலன்ட்டோ கலந்த தடயம் இல்லை. ஈயம் 44 பிபிஎம் (பத்து லட்சத்தில் 44 பங்கு), தாமிரம் 61 பிபிஎம்.

இந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஏறியிருப்பதுதான் செய்தி. இந்த இன்ஜினில் உள்ள பழைய வகை செல் (ராடு பேரிங்கின் அரைவட்ட உலோகத் தகடு) மூன்று அடுக்கு கொண்டது: அடியில் எஃகு, நடுவில் தாமிரம்–ஈயக் கலவை, மேலே மிக மெல்லிய ஈயப் பூச்சு. பூச்சு தேயும்போது ஈயம் மட்டும் ஏறும். தாமிரமும் கூடவே ஏறினால் பூச்சைத் தாண்டி நடு அடுக்கு உராயத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆய்வக எண் மட்டும் போதாது. அந்த இயந்திரம் ஐந்தாறு மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாகப் பார்ப்பதில்லை. பெரிய செதில்கள் ஃபில்டரிலேயே தங்கிவிடும். எனவே ஃபில்டர் காகிதத்தைப் பிளேடால் அறுத்து, மடிப்புகளை விரித்து, பிழிந்து, வெயிலில் பார்த்தார்கள். செம்பு நிறச் செதில்கள் மின்னின. காந்தம் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் செயின், கேம் பக்கம் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் மின் இணைப்பாகக் கழற்றிப் பார்த்தார்கள். ஆறாவது சிலிண்டரின் இணைப்பைக் கழற்றியதும் தட்டுச் சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்தச் சிலிண்டரில் எரிப்பு அழுத்தம் இல்லாதபோது ராடு கிராங்கை அடிப்பதில்லை. இந்தச் சோதனையை ஒரு சிலிண்டருக்குச் சில நொடிக்கு மேல் நீட்டக்கூடாது.

இது ஏன் தேய்கிறது

கிராங்க் பின்னுக்கும் (ராடு பற்றியிருக்கும் கிராங்க்கின் உருளைப் பகுதி) செல்லுக்கும் நடுவில் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை; ஆயில் படலம் தாங்குகிறது. படலம் உருவாக இடைவெளி வேண்டும். பட்டறைகளில் காலம்காலமாகச் சொல்லும் கணக்கு, பின்னின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 52 மி.மீ. விட்டம் என்றால் 0.052 மி.மீ. இந்த இன்ஜினில் கம்பெனி செல்லோடு அளந்தபோது கிடைத்தது 0.034 மி.மீ. இடைவெளி குறைந்தால் பேரிங் ஓரத்தில் வழியும் ஆயில் குறையும், பம்பு சிறிதாக இருந்தால் போதும். கம்பெனிக் கணக்கு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதே இன்ஜினுக்கு அவர்களே 10டபிள்யூ–60 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றச் சொல்கிறார்கள். குறுகிய சந்துக்குள் கெட்டியான ஆயில்.

இந்த ரக ஆயிலின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் ஏறத்தாழ 160 சென்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு), 100 டிகிரியில் 23 அளவு. ஏழு மடங்கு வித்தியாசம். சென்னையில் குளிரே இல்லையே, இன்ஜினைச் சூடாக்க என்ன இருக்கிறது என்ற பேச்சு இங்கேதான் அடிபடுகிறது. 28 டிகிரிக் காலையில் ஆயில் 160ஐயும் தாண்டிய கெட்டியில் இருக்கும். கூலன்ட் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் சூடேறிவிடும். ஆயில் 80 டிகிரியைத் தொடப் பத்துப் பன்னிரண்டு கி.மீ. ஓட வேண்டும். காசிமேட்டுக்குத் தினமும் போய்வரும் இரண்டு கி.மீ. பயணத்தில் அது ஒருநாளும் நடந்ததில்லை. போதாததற்கு, சூடேறாத இன்ஜினில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதன் வழவழப்பைக் கெடுக்கும்.

பிரித்தபோது தெரிந்தது

இந்த வண்டியில் இன்ஜினை வெளியே இறக்காமலே கீழிருந்து பேரிங் மாற்ற முடியும். இன்ஜினை மேலிருந்து தாங்கு கம்பியில் தொங்கவிட்டு, ஸ்டியரிங் ஷாஃப்ட்டில் குறிபோட்டுக் கழற்றி, இன்ஜின் மவுண்ட்டைத் தளர்த்தி, முன் சப்ஃபிரேமை (முன்பக்க அடிச்சட்டம்) இறக்கினால் ஆயில் சேம்பர் வரும். எழுத்தில் சுலபம். காசிமேட்டு உப்புக் காற்றில் நின்ற வண்டியின் அடிப்பகுதி அலுமினியத் தகட்டு போல்ட்டுகள் இரண்டு தலை முறிந்தன. அவற்றை எடுக்கவே ஒரு நாள் போயிற்று. வட சென்னையில் இந்த வேலைக்கு நேரம் சொல்லும்போது அந்த ஒரு நாளை முன்கூட்டியே சேர்த்துச் சொல்வது நல்லது.

ராடைக் கிராங்க்கோடு பிடித்துவைக்கும் அடிமூடிகளான ராடு கேப்புகளை ஒவ்வொன்றாகத்தான் கழற்றினார்கள். இந்த ராடுகளைச் செய்யும்போது ஒரே துண்டாகச் செய்து பிறகு உடைத்துப் பிளக்கிறார்கள். உடைந்த முகம் அதன் ஜோடியோடு மட்டுமே பொருந்தும். ஒரு கேப் இன்னொரு ராடுக்கு மாறினாலோ, அரம் தொட்டாலோ ராடு வீண்.

எட்டு ராடில் நான்கின் மேல் செல், அதாவது எரிப்பு அழுத்தம் விழும் பக்கம், தாமிரம் தெரியத் தேய்ந்திருந்தது: 2, 3, 6, 7. ஆறாவதில் செல்லின் ஓரம் மடிந்து, கிராங்க் பின்னில் அந்த ராடு அமரும் இடத்தில் (கீழே ‘ஆறாவது பின்’ என்பது இதைத்தான்) நகம் தட்டும் கீறல் இரண்டு இருந்தன. மைக்ரோமீட்டரில் இரண்டு திசையில், மூன்று இடத்தில் அளந்தபோது மற்ற ஏழு ராடுகள் அமரும் இடங்களும் அளவுக்குள். ஆறாவது நீள்வட்டமாகவில்லை என்பது பெரிய ஆறுதல்.

எடுத்த முடிவுகள்

முன்னால் இருந்தவை மூன்று வழிகள். புது கிராங்க் போடுவது: இன்ஜினை இறக்கி முழுவதும் பிரிக்க வேண்டும், செலவு 11 லட்சத்தைத் தாண்டும். கிராங்க்கைக் கடைந்து அளவு குறைந்த செல் போடுவது. அல்லது ஆறாவது பின்னை பாலிஷ் மட்டும் செய்து, அளவு பார்த்து, புது செல் போடுவது.

ஆலோசனைக்கு வந்த வியாசர்பாடி கிரைண்டிங் பட்டறைக்காரருக்கு நடு வழிதான் பிடித்தது. “பத்து தவ் எடுத்துட்டு அண்டர்சைஸ் செல்லு போட்டா லாரி மாதிரி ஓடும் சார்” என்றார். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லாரிக்கு அது சரி. இந்த கிராங்க்கின் மேற்பரப்பு நைட்ரைடு செய்து கடினமாக்கப்பட்டது, அந்தத் தோல் மிக மெல்லியது. கடைந்தால் தோல் போய்விடும், மறுபடி நைட்ரைடு செய்ய வேண்டும், அந்தச் சூட்டில் கிராங்க் வளையலாம். கம்பெனி அண்டர்சைஸ் செல்லும் தருவதில்லை. அந்த வழி கைவிடப்பட்டது.

மெல்லிய பாலிஷ் டேப்பால் ஆறாவது பின்னைத் தேய்த்தபோது 0.004 மி.மீ. மட்டும் குறைந்தது. கீறலின் அடித்தடம் கண்ணுக்குத் தெரிந்தது, நகத்தில் தட்டவில்லை. மூன்றாவது வழி உறுதியானது.

செல் தேர்வில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. கம்பெனி பின்னாளில் கொண்டுவந்த ஈயமில்லாத செல் கடினமானது. இடைவெளிப் பிரச்சினையை அது தீர்ப்பதில்லை. வெளி உற்பத்தியாளர் ஒருவரின் ஈயப் பூச்சு செல் சற்று மெலிதாகச் செய்யப்பட்டு, கூடுதல் இடைவெளி தருவது. பட்டறை இரண்டாவதைத் தேர்ந்தது. காரணம் இரண்டு: மென்மையான பூச்சு சிறு தூசியை உள்வாங்கிக்கொள்ளும், தேய்ந்தால் ஆயில் சோதனையில் ஈயமாக முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

பாகங்கள் வர ஐந்து வாரம் ஆனது. சுங்கவரி, ஐஜிஎஸ்டி சேர்ந்து விலையில் ஏறத்தாழ பாதி கூடியது.

பொருத்தும்போது இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் இழையால் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் மென்மையான இழை) அளந்தார்கள். இதற்குப் பழைய போல்ட்டையே பயன்படுத்த வேண்டும். ராடு போல்ட் இழுபடும் வகை, ஒருமுறை முழு இறுக்கம் கண்டால் மறுபடி பயன்படாது. அளவு பார்க்கப் புது போல்ட்டை இறுக்கி வீணாக்கும் பட்டறைகள் உண்டு. இழை உள்ளே இருக்கும்போது கிராங்க்கைத் திருப்பக்கூடாது. மற்ற ஏழு இடங்களில் 0.046, ஆறாவதில் 0.050 மி.மீ. செல்லின் முதுகும் ராடின் உள்வட்டமும் காய்ந்திருக்க வேண்டும், ஆயில் முகத்தில் மட்டும். பிறகு 16 புது போல்ட்டுகள், டார்க் ரெஞ்ச், அதற்கு மேல் கோணமானி வைத்து.

வண்டியைக் கிளப்புமுன் பெட்ரோல் பம்பு ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை பத்துப் பத்து நொடியாகச் செல்ஃப் அடித்தார்கள். கிளம்பியபோது தட்டுச் சத்தம் இல்லை.

முதல் கட்டச் செலவு: செல் 48,000, போல்ட் 21,000, கேஸ்கட்டும் சில்லறைப் பாகமும் 17,000, இன்ஜின் மவுண்ட் இரண்டு 36,000, இரண்டு தடவைக்கு ஆயிலும் ஃபில்டரும் 34,000, அளவு மற்றும் பாலிஷ் 6,000, கூலி 85,000. மொத்தம் 2,47,000 ரூபாய்.

இரண்டாவது அதிர்ச்சி

500 கி.மீ.யில் ஆயில் மாற்றி ஃபில்டரை அறுத்தபோது மறுபடி செம்புச் செதில்.

ஆய்வக அறிக்கை வேறு கதை சொன்னது: ஈயம் 7 பிபிஎம்தான். புது செல் தேய்ந்திருந்தால் முதலில் மேல்பூச்சின் ஈயம் ஏறியிருக்க வேண்டும். செதில்களை உருப்பெருக்கியில் பார்த்தபோது ஓரம் மழுங்கி, கறுத்து இருந்தன. பழைய செதில்கள். ஆனாலும் எண்ணை மட்டும் நம்பி 24 லட்சப் பந்தயம் கட்டப் பட்டறைக்குத் துணிவில்லை. சேம்பரை மறுபடி இறக்கி 3, 6 இரண்டு கேப்புகளைத் திறந்தார்கள். செல்கள் புதிதாகவே இருந்தன.

செதில்கள் ஒளிந்திருந்தது ஆயில் கூலரில். முதல் வேலையின்போது கூலரையும் அதன் ஹோஸ்களையும் பெட்ரோல் விட்டு அலசி, காற்றடித்துத் திரும்ப மாட்டியிருந்தார்கள். கூலருக்குள் இருக்கும் மெல்லிய தகட்டு மடிப்புகளில் சிக்கிய உலோகம் அலசலுக்கு வராது. சூடான ஆயிலின் ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். இதை அந்தப் பட்டறை அறியாமல் செய்யவில்லை. 58,000 ரூபாய்ப் பாகத்தை மிச்சம்பிடித்துக் கொடுக்கலாம் என்று உரிமையாளருக்காக யோசித்த சிக்கனம் அது.

2024 ஜூலையில் புது கூலர் 58,000, ஹோஸும் சீலும் 14,000, மறுபடி ஆயில் 17,000, திறந்த இரண்டு ராடுக்கு நான்கு போல்ட் 5,000, சேம்பர் கேஸ்கட் 6,000, கூலி 40,000. ஆக 1,40,000. முதலிலேயே கூலரை மாற்றியிருந்தால் இதில் 68,000 ரூபாய் அளவுக்குச் செலவே வந்திருக்காது. கூலியில் பாதியைப் பட்டறை ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு

கூலர் மாற்றி 1,500 கி.மீ.யில் ஈயம் 5 பிபிஎம், ஃபில்டர் சுத்தம். 5,000 கி.மீ.யில் ஈயம் 6, தாமிரம் 8. கணினி காட்டும் இடைவெளி புறக்கணிக்கப்பட்டு, 8,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றுவது என்று முடிவானது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் டிரைவருக்காக ஒரு சீட்டு ஒட்டப்பட்டது: ஆயில் 80 டிகிரி ஆகும்வரை 3,000 ஆர்பிஎம் தாண்டக்கூடாது. காசிமேட்டுக்குப் போய்வர இப்போது ஸ்கூட்டர்.

வேலைக்கு நடுவே வேறொன்றும் தெரிந்தது. கூலன்ட் எக்ஸ்பான்ஷன் டேங்கின் கழுத்தில் மயிரிழை விரிசல். நம் ஊர் வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப்போகும். ஓடும்போது உடைந்தால் இன்ஜின் சூடாகி ஹெட் வளையும். பேச்சுக்கே இடமில்லாமல் மாற்றப்பட்டது.

மாற்ற வேண்டியவை

வாங்கும் முன் செய்திருக்க வேண்டியது ஃபில்டரை அறுப்பதும் ஆயில் மாதிரி அனுப்புவதும்தான். சில ஆயிரம் ரூபாய் வேலை. ஈயம் அப்போதே ஏறியிருந்தால் விலையில் மூன்று லட்சம் குறைத்துக் கேட்டிருக்கலாம், பேரிங்கை ஆறாவது பின் கீறுவதற்கு முன் மாற்றியிருக்கலாம். ஆயில் மாதிரி எடுக்க விற்பவர் விடாவிட்டால் அதுவும் ஒரு பதில்.

பட்டறை தன் முறையில் இரண்டைத் திருத்திக்கொண்டது. ஃபில்டரில் தாமிரம் கண்ட எந்த இன்ஜினுக்கும் கூலர் புதிதாகவே எஸ்டிமேட்டில் எழுதப்படும்; வேண்டாம் என்றால் உரிமையாளர் கையெழுத்துப் போட்டுத்தான் நீக்க வேண்டும். பழைய செல்கள் ராடு எண் எழுதிய பைகளில் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும், நாளைக்கு வண்டி கைமாறினால் வாங்குபவர் கண்ணால் பார்க்க.

ஆறாவது பின் பற்றி மட்டும் முழு நிம்மதி இல்லை. 90,000 கி.மீ.யில் அந்த ஒரு கேப்பைத் திறந்து மறுபடி அளப்பது என்று வேலைச் சீட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.